பால் பூத்தில் ஓர் ஆஸ்பத்திரி

போன மாதம் சரோஜா அக்காவிடமிருந்து போன். எடுத்ததுமே சண்டை.

"இன்னாடா, வாரா வாரம் பேப்பர்ல இன்னாத்தையோ எழுதிக்கினு கீற... எங்க டாக்டரம்மாவ வேற ஊருக்குத் தூக்கிக்கினு போறாங்க. ஒரு வழி பண்ண மாட்டியா?"

பேப்பரில் பத்தி எழுதுகிறவன் என்றால் கலெக்டர் ஆபீஸ் சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது என்று அக்காவுக்கு நினைப்பு. எங்கள் சித்தூர் வீட்டு வாசலில் அணைந்துபோன தெருவிளக்கையே என்னால் எரிய வைக்க முடியவில்லை. அதை அக்காவிடம் சொல்ல முடியுமா?

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊருக்கு நாராயணவனத்திலிருந்து உள்ளே போக வேண்டும். மலையடிவாரம். மாந்தோப்பு, கொஞ்சம் கடலை, மாடுகள். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. கிரானைட் தரை, ஜெனரேட்டர், பிரசவ அறை என்று கல்யாண மண்டபம் மாதிரி பளபளவென்று இருக்கும். டாக்டர்தான் நிற்க மாட்டார். வருவார், மேல்படிப்புக்கு சீட் கிடைத்ததும் கிளம்பிவிடுவார். ரிப்பன் வெட்டக்கூடிய எதற்கும் அரசாங்கத்தில் பணம் சீக்கிரம் வந்துவிடுகிறது. சம்பளத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாதே!

டாக்டர் இல்லாத அந்தக் காலத்தில் அக்கா தெருக்காரர் ஒருவரைப் பாம்பு கடித்தது. திருப்பதி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. விஷமுறிவு மருந்து அன்றைக்கும் ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தது. போடுகிற கைதான் இல்லை.

அப்புறம் வந்தவர்தான் இந்த டாக்டரம்மா. ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். போன மழைக்காலத்தில் அக்காவையே கட்டுவிரியன் கடித்தது. டாக்டரம்மா ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் தானும் ஏறி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் திரும்பினார். அக்கா இன்றைக்கு என்னிடம் சண்டை போடுகிறாள் என்றால் அது அவர் புண்ணியம்.

அப்படிப்பட்டவரைத்தான் மாவட்டத்தின் வடக்குக் கோடியில், காட்டை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறார்கள். விடலாமா?

அக்கா வீட்டுக்காரர் முனிரத்னம் மாமாவைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனேன். மாமா ஊர் பால் சொசைட்டியை நடத்துகிறவர். குரல் அதிகம், பொறுமை குறைவு. அதிகாரி எங்களை உட்கார வைத்து, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மீ ஊர்லோ பேஷண்ட்ஸே லேரண்டி. அக்கட பேஷண்ட்ஸ் உன்னாரு, டாக்டர் லேரு. மீரே செப்பண்டி... நேனு ஏம் செய்யாலி?"

எங்கள் ஊரில் நோயாளியே இல்லையாம். அங்கே நோயாளிகள் இருக்கிறார்கள், டாக்டர் இல்லையாம். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்வது என்கிறார். மாமாவுக்கு வந்ததே கோபம்.

"இன்னா சார் சொல்றீங்க? டெய்லி அவ்ளோ பேரைப் பாக்கறாங்க, நான் கண்ணால பாத்துக்கினு கீறேன்!"

"எக்கட?" எங்கே என்றார் அதிகாரி.

"எங்க பால் பூத்துல!"

அதிகாரி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். டாக்டர் குவார்ட்டர்ஸுக்குக் கதவே இல்லை. அதனால் டாக்டரம்மா பால் சொசைட்டி மாடியில் வாடகைக்கு இருக்கிறார். காலையில் பால் வாங்கக் கீழே பூத்துக்கு இறங்குவார். பால் ஊற்ற வந்த ஜனம் சூழ்ந்துகொள்ளும். "அம்மா, முட்டி வலி." "அம்மா, பையனுக்கு ஜுரம்." ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித்தான் பார்த்திருக்கிறார். யார் போவது? ஆஸ்பத்திரி திறப்பதற்குள் பாதி ஊர் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில், மீதி ஊர் தோப்பில். அதோடு, "இத்தினியூண்டு தலைவலிக்கு டாக்டரம்மாவ ஆஸ்பத்திரில போய்த் தொந்தரவு பண்ணுவாங்களா?" என்கிற மரியாதை வேறு. கேட்ட மாத்திரை பெயரை வைத்துக்கொண்டு கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஆக, ஊரே வைத்தியம் பார்த்துக்கொண்டது. ஆஸ்பத்திரி கணக்கில் ஒருவர்கூட ஏறவில்லை. பாசத்தாலேயே டாக்டரை ஊரைவிட்டுக் கிளப்புகிற ஜனத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்!

அதிகாரி நல்ல மனிதர். ஆர்டரைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அதற்குள் ஆஸ்பத்திரியில் ஆள் தெரிய வேண்டும்.

தெரிய வைத்தோம். மாமா அன்று சாயங்காலமே கோயில் மைக்கைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஊரே வரிசை கட்டி நின்றது. எண்ணிக்கைக்கு இருக்கட்டும் என்று நானும் நின்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சிவந்துவிட்டது.

"ஏமிட்டிதி, ஜாத்ராவா? திருவிழாக் கூட்டமா? யாருக்கு இன்னா நோவு, சொல்லுங்க!"

ஆளாளுக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். பால் பூத்தில் அத்தனை வலியும் சொல்கிற ஜனம்தான்.

"நோவு இல்லாதவங்க பேரை நான் ஏத்த மாட்டேன். அது மோசம். அந்த மாதிரி பொய் சொல்லி நான் இங்க இருக்கத் தேவையில்லை. போறேன்!"

வரிசை அப்படியே வாடிப்போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்தது கதை என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளே திரும்பிய டாக்டரம்மா வாசற்படியில் நின்றார். அந்த முகங்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"சரி. வேலையை விட்டு வந்துட்டீங்க. எல்லாரும் பிரஷர், ஷுகர் பாத்துக்கினு போங்க."

அங்கேதான் எல்லாம் மாறியது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வந்தவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர்! எத்தனை பேருக்கு ஷுகர்! ஒருத்திக்கு ரத்தமே இல்லை, நின்றுகொண்டிருந்ததே பெரிது. மாமாவுக்குப் பார்த்துவிட்டு டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முனிரத்னம் காரு... இவ்ளோ பிரஷரை வெச்சுக்கினு என்னைக் காப்பாத்த வந்தீங்களா?"

மாமா சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

என் விரலையும் குத்தினார்கள். "சார், நீங்க சித்தூர். இந்த ஊர் கணக்குல வர மாட்டீங்க," என்றார் டாக்டரம்மா. "ஆனா ஷுகர் வந்துடுச்சு."

இப்போது யாரும் கணக்குக்காகப் போவதில்லை. மாத்திரைக்குப் போகிறார்கள். பால் பூத்தில் யாராவது "அம்மா, எனக்கு..." என்று ஆரம்பித்தால், மாமா பால் அளப்பதை நிறுத்திவிட்டு "சீட்டு! ஆஸ்பத்திரில போய் சீட்டு எடு!" என்று கத்துகிறார். கத்தினால் பிரஷர் ஏறும் என்று அக்கா பதிலுக்குக் கத்துகிறாள்.

போன வாரம் ஆர்டர் வந்தது. டாக்டரம்மா இங்கேதான். வடக்கே புது ஆள் வருகிற வரை வாரத்தில் ரெண்டு நாள் அங்கே போய் வர வேண்டும். அக்கா குதிப்பாள் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"போய்க்கினு வரட்டும்டா. அங்கியும் பாம்பு கீதுல்ல..." என்றாள்.

எந்த ஊருக்கு டாக்டரை அனுப்புவது என்று ஆபீஸில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடிபட்டவளுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது! வடக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டரை எடுக்க அறிவிப்பும் வந்துவிட்டது. நல்லது நடக்கும், பாருங்கள்.

சந்தோஷத்தைக் கொண்டாட அக்கா வீட்டில் விருந்து. சொந்தத் தோப்புப் பங்கனப்பள்ளி, தட்டு நிறைய. டாக்டரம்மாவும் வந்திருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், "ஷுகர்!" என்று அக்காவைப் பார்த்தார்.

டாக்டரம்மா டிரான்ஸ்ஃபர் நின்றுவிட்டது. என் மாம்பழம்தான் மாமா தட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது!