பூட்டு என்று பெயர் வாங்கிய என் தம்பி

என் தம்பியை அலுவலகத்தில் ‘பூட்டு’ என்றுதான் சொல்வார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு விடுதி நடத்தும் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் அது. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் அவன் பொறுப்பு. நான் எட்டாவதோடு நின்று துணி தேய்க்கப் போனவள். அவன் வேலை எனக்கு முழுதாகப் புரியாது. ஆனால் சர்வர் அறையை ஒரு முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வயரிலும் அது எங்கே போகிறது என்று தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அந்தச் சுத்தம் எங்கள் வீட்டுச் சுத்தம்.

நன்கொடை குறைந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். யார் போகப் போகிறார்கள் என்பது இவனுக்குத்தான் முதலில் தெரியும். டைரக்டர் அவர்களை அறைக்குள் கூப்பிட்டுப் பேசும்போதே, இவன் அவர்களுடைய கம்ப்யூட்டர் கணக்கை மூடிவிட வேண்டும். அதனால் காலை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடுமுன் இவன் முகத்தைத்தான் பார்ப்பார்களாம்.

“பிரதர், இன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. அப்ப நான் தப்பிச்சேன்” என்பார் டிரைவர்.

“உங்களுக்குக் கம்ப்யூட்டரே கிடையாதேண்ணே. எதைப் பூட்டுறது?”

அங்கே இப்படிச் சிரித்துவிட்டு வருபவன், வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்.

ரிசப்ஷன் சிஸ்டரின் முறையும் வந்தது. அவருடைய ஒரே மகன் கப்பலில் வேலை பார்த்து, அங்கேயே இறந்துபோனவன். அம்மாவுக்கு வேறு ஈமெயில் இல்லாததால் அலுவலக ஈமெயிலுக்கே எழுதிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் அவற்றைத் திறந்து வைத்துப் படிப்பார். கணக்கை மூடினால் எல்லாம் அழிந்துவிடும்.

தம்பி டைரக்டரிடம் கேட்டான். “ஐயா, மகன் எழுதினதை மட்டும் அவங்ககிட்ட கொடுத்திரலாமா?”

“ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க தம்பி. அவங்களுக்காக ஜெபம் பண்ணிக்குவோம்.”

சிஸ்டர் கைப்பையோடு படியிறங்கும்போது, மகன் எழுதியதையெல்லாம் ஏற்றிய ஒரு பென்டிரைவைத் தம்பி அவர் கையில் வைத்தான். பிறகு மேலே போய், எதை எடுத்தான், யாருக்குக் கொடுத்தான் என்று வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் பதிந்தும் வைத்தான். பதியாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

“அதை எதுக்குடா எழுதித் தொலைச்சே?” என்று கேட்டேன்.

“எடுத்தா எழுதணும்க்கா. அதான் வேலை.”

அந்தப் பதிவைப் பார்த்த டைரக்டர் அவனை அறைக்குள் கூப்பிட்டு, தலையில் கைவைத்து ஜெபித்தார். கர்த்தர் அவனை வேறு ஊழியத்துக்கு நடத்துகிறார் என்றார். ஆனால் இவன் கணக்கை மூடத் தெரிந்த ஆள் அங்கே கிடையாது. “நீங்களே மூடிட்டுப் போயிருங்க தம்பி” என்றார். அவனே உட்கார்ந்து, ஒரு பிசிறில்லாமல் மூடிவிட்டு வந்தான்.

இன்னும் வேறு வேலை அமையவில்லை. ஏன் அங்கிருந்து வந்தாய் என்று கேட்கிற இடத்திலெல்லாம் நடந்ததைச் சொல்லிவிடுகிறான்.

சிஸ்டர் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். தம்பி தன் பழைய லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவான். பெரிய விஷயம் ஒன்றும் இருக்காது. காலுறை காயவில்லை, முடி வெட்டியவன் காதை வெட்டப் பார்த்தான், இப்படித்தான் எழுதியிருப்பான் அந்தப் பிள்ளை. நேற்றும் வந்திருந்தார்.

“வேலை நாள்ல வீட்ல இருக்கீங்களே பிரதர், லீவா?”

“லீவுதான் சிஸ்டர்.”

“அங்க எல்லாரும் சௌக்கியமா? டிரைவர் எப்படி இருக்கார்?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் மடித்து வைத்திருந்த அவன் சட்டையை உதறி, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன்.

“நாளைக்குப் போட்டுட்டுப் போகணும்ல” என்றேன்.