வெண்ணெயோடு கண்டரமாணிக்கம் போன கதை

காலை 4.20. மார்கழிப் பனியில் ஊத்துக்குளிக் கடைவீதி இன்னும் விழிக்கவில்லை. தெர்மாகோல் பெட்டியில் ஐந்து கிலோ வெண்ணெய், வாழையிலையில் சுற்றி, சுற்றிலும் ஐஸ் அடைத்து, மேலே கயிறு கட்டி மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். முப்பது வருடமாக வெண்ணெய் வியாபாரம் செய்கிறேன். ஒரு ஐந்து கிலோவுக்காக ஏறக்குறைய இருநூற்றறுபது கிலோமீட்டர் போவது இதுதான் முதல்முறை.

காரணம் ஒரு போன். சிவகங்கை மாவட்டம் கண்டரமாணிக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து கருப்பையா என்பவர் பேசினார். வீட்டைப் பார்த்துக்கொள்பவராம். "ஆச்சி வெண்ணெய் பிஸ்கட்டு சுடப் போறாக. அவுக பாட்டி சொல்லிக்குடுத்த பக்குவம். பார்சல்ல உருகிப் போயிரும்னு பயப்படுறாக. நீகளே கொண்டாந்தா, சுடறதையும் கூடவே இருந்து பாத்துட்டுப் போகலாம்" என்றார். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆச்சிக்கே எண்பது வயது இருக்கும். அவருடைய பாட்டியின் பக்குவம் என்றால் கிடைக்கிற சரக்கா அது? கற்றுக்கொண்டு வந்து கடையில் போட்டால் நன்றாக ஓடும் என்று மனக்கணக்கும் போட்டுக்கொண்டேன்.

5.30. ஈரோடு. பேருந்து நிலையத்திலிருந்து நான்கு தெரு தள்ளி என் மகள் இருக்கிறாள். எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். மூன்று வருடமாகிறது. அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. போனதே இல்லை என்னும்போது குடிப்பது எங்கே? திருச்சி பஸ்ஸில் அந்தத் தெரு தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

திருச்சியில் இட்லி நாற்பது ரூபாய். அங்கிருந்து காரைக்குடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். 11.30க்கு இறங்கி, கண்டரமாணிக்கத்துக்கு ஆட்டோ பேசினேன். ஐந்நூறு ரூபாய் கேட்டார். பெட்டியைப் பார்த்துவிட்டு மனித உறுப்பு ஏதாவதா என்றும் கேட்டார். வெண்ணெய் என்றேன். "வெண்ணெய்க்கா இம்புட்டு மரியாதை!" என்று சிரித்து ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார். குன்றக்குடி மலையைக் கடந்ததும் கண்மாய், வயல், மறுபடி கண்மாய். ஊருக்குள் நுழைந்தால் இந்தத் தெருவுக்கு ஒரு வாசலும் அடுத்த தெருவுக்கு ஒரு வாசலுமாகக் கிடக்கும் வீடுகள்.

12.20. கருப்பையா வாசலிலேயே நின்றார். "வாங்க வாங்க, அங்குட்டு வெயிலு, இங்குட்டு வந்து உக்காருங்க" என்றவர் உள்ளே திரும்பி, "ஆச்சி, ஊத்துக்குளிக்காரவுக வந்துட்டாக!" என்று குரல் கொடுத்தார். நான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, பெரியவரைக் கும்பிடத் தயாரானேன்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வெள்ளைக்காரப் பெண். பச்சைக் கண்டாங்கிச் சேலை, பூனைக்கண், நெற்றியில் பொட்டு. "வெயில்ல வந்திருக்கீக. மோரு குடிக்கிறீகளா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்பிட்ட கையை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

பிறகுதான் விளங்கியது. இந்த வீடுகளில் கல்யாணமான பெண் எந்த வயதானாலும் ஆச்சிதான். இவர் பெயர் எலேனி. கிரேக்க நாட்டில் ஒரு தீவில் பிறந்தவர். இந்த வீட்டுப் பிள்ளை மெய்யப்பன் அங்கே கப்பல் கம்பெனியில் வேலை பார்த்தபோது காதலித்துக் கட்டிக்கொண்டு, ஆறு வருடமாக இங்கேயே இருக்கிறார். பிஸ்கட்டின் பெயர் குராபியே. அவர்கள் ஊரில் கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் சுடுவார்களாம்.

பாட்டியின் கையெழுத்திலிருந்த தாளை எனக்குப் படித்துச் சொன்னார். வெண்ணெய் ஒரு கிலோ, வெளுக்கும்வரை கையால் அடிக்கவும். பொடித்த சர்க்கரை ஒரு காப்பிக் கோப்பை. முட்டையின் மஞ்சள் கரு ஒன்று. பிராந்தி ஒரு சின்னக் கிளாஸ். வறுத்துப் பொடித்த பாதாம். மைதா, எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு. பிராந்தி என்றதும் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரில் வரிசையாகச் சாமி படங்கள்.

"இந்தத் தடவை முட்டையும் கெடையாது, பிராந்தியும் கெடையாது" என்றார் எலேனி. குரலைத் தாழ்த்தி, "அயித்தைக்காக" என்று சேர்த்தார்.

அயித்தை என்றது மாமியார் மீனாட்சி ஆச்சியை. வளவில், அதாவது வீட்டின் நடுவிலுள்ள பெரிய முற்றத்தில், தூணில் சாய்ந்து ஆவாரம்பூ தொடுத்துக்கொண்டிருந்தார். சுத்த சைவம். முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார். மருமகளிடம் சண்டை இல்லை, சுடுசொல் இல்லை. ஆனால் ஆறு வருடமாக எலேனி சுட்ட எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் எலேனி தட்டை நீட்டுவார். அவர் "வையி" என்பார். தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் இந்த வருடம் புதுப் பாத்திரம், புதுச் சல்லடை, ஊத்துக்குளியிலிருந்து ஆள் கையில் வந்த வெண்ணெய். பாட்டி எழுதியதில் இரண்டு வரியை அடித்துவிட்டுச் சுடுகிற பிஸ்கட்டையாவது அயித்தை சாப்பிட வேண்டும். அது மட்டும்தான் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது.

1.15. வெண்ணெயை அடிக்க உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றிக் கையால் அடித்தோம். மஞ்சள் வெண்ணெய் வெளுத்து நுரைபோலப் பொங்கியது. முப்பது வருடம் விற்ற எனக்கே தெரியாது, என் வெண்ணெய்க்கு இப்படியொரு முகம் இருக்கிறதென்று.

பிறை வடிவில் பிடித்து அடுக்கி முடித்தோம். எலேனி மின் அடுப்பின் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னைக்கு பராமரிப்புல்ல, கரண்டு அஞ்சு மணிக்குத்தான்" என்றார் கருப்பையா, வெகு சாதாரணமாக. எலேனி முகம் செத்துவிட்டது. ஆறு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஏனென்றால் அன்று மாலை பிள்ளையார் நோன்பு.

எங்கள் ஊரில் ஒரு பேக்கரிக்காரர் கரண்டு போனால் மணல் போட்ட சட்டியில் கேக் வேகவைப்பார். அதைச் சொன்னேன். அவ்வளவு பெரிய சட்டிக்கு எங்கே போவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது தூணருகிலிருந்து குரல் வந்தது.

"கருப்பையா, பணியாரம் சுடற பெரிய இருப்புச் சட்டியை எடுத்துக் குடு."

கருப்பையா என்னைப் பார்த்தார், நான் எலேனியைப் பார்த்தேன். மீனாட்சி ஆச்சி தலை நிமிராமல் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். அது அவர் கல்யாணத்துக்கு வந்த சீர்ச் சட்டியாம். வேறு யாரும் தொட அவர் விட்டதே இல்லையாம்.

விறகடுப்பில் சட்டி, சட்டியில் மணல், மணலில் தட்டு, மூடியின்மேல் தணல். வெண்ணெய் உருகி வாசம் கிளம்பியதும் எலேனி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார். வெண்ணெய் ஊசிவிட்டதா? மிச்ச வெண்ணெயைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். பொன்னாக இருந்தது. திரும்பி வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார். நல்ல வெண்ணெய்க்கு இது அவமானம் என்று எனக்கு உள்ளூரக் கோபம்தான்.

4.30. நான்கு ஈடு வெந்து முடிந்தது. சூட்டோடு பன்னீர் தெளித்து, மேலே பொடித்த சர்க்கரையைச் சலித்துக் கொட்ட வேண்டும்; பிஸ்கட் கண்ணுக்குத் தெரியவே கூடாது. நான் சலிக்க, பக்கத்தில் கருப்பையா நோன்பு விவரம் சொன்னார். திருக்கார்த்திகை முடிந்ததிலிருந்து இருபத்தோரு நாள், தினம் புது வேட்டியிலிருந்து ஒரு நூல் எடுத்து வைப்பார்களாம்.

"இருவத்தோரு நூலையும் திரிச்சுத் திரி. மாவுல நட்டு, நெய் விட்டு, பத்தவச்சு, எரியுறப்பவே வாயில போட்டுக்கிருவாக. அதுதான் இழை."

"எரியறப்பவேவா? அணைச்சுட்டுங்களா?"

"அணைச்சா அது என்ன இழை? ஆளுக்கு ஒண்ணு. புள்ளத்தாச்சிக்கு மட்டும் ரெண்டு, வவுத்துல இருக்கற புள்ளைக்கும் சேத்து." சற்று நிறுத்தி, "இந்த வீட்டுல ரெண்டு எடுத்து ரொம்ப வருசமாச்சு" என்றார்.

6.10. வளவில் விளக்கேற்றிப் பிள்ளையார் வைத்து, பொரி, கருப்பட்டிப் பணியாரம், ஆவாரம்பூ எல்லாம் பரப்பியிருந்தார்கள். முட்டையில்லை என்பதால் குராபியே தாம்பாளத்துக்கும் ஓரமாக இடம் கிடைத்தது. அதன்மேல் கடைசியாக ஒரு சலிப்புச் சலித்துவிட்டு, மிச்சச் சர்க்கரை இருந்த பித்தளைக் கிண்ணத்தை விளக்கருகில் வைத்துவிட்டு ஒதுங்கினேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

வீட்டில் மூத்தவர் மெய்யப்பனின் பெரியப்பா. பெரியப்பச்சி என்றுதான் எல்லோரும் அழைக்கிறார்கள். எழுபத்தெட்டு வயது, கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்பவர். வந்தார், கும்பிட்டார், மூன்று விரலையும் என் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் விட்டு, நெற்றியில் அழுத்தி மூன்று பட்டை போட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மெய்யப்பனுக்குப் பூசிவிட்டார். அடுத்தடுத்துப் பதினோரு பேருக்கும். தன் நெற்றியில் பூசும்போது எலேனி என்னைப் பார்த்தார்.

மீனாட்சி ஆச்சிக்குத் திருநீற்றில் ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்ளும் வழக்கம். போட்டார். அவர் முகம் மாறியது.

"அத்தான், திருநீறு தித்திக்குது" என்றார் பெரியப்பச்சியிடம்.

ஒருவர் நெற்றியைத் தொட்டு விரலை நக்கிப் பார்த்தார். நான் முன்னால் போய், "மன்னிக்கோணுங்க, கிண்ணத்தை வெச்சது நானுங்க" என்றேன்.

பெரியப்பச்சி கண்ணாடியை எடுத்து மாட்டி, கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். "திருநீறுன்னு நெனச்சுத்தான் பூசுனேன். புள்ளையாருக்கு அது போதும். கொழுக்கட்டை திங்கறவருக்கு சீனி ஆகாதாக்கும்?" என்று சொல்லி, உண்மையான திருநீற்றை எடுத்து அதன்மேலேயே பூசத் தொடங்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு இழை. கேள்விப்பட்டது வேறு, பார்ப்பது வேறு. அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்த சின்ன உருண்டை, தலையில் திரி, திரியில் சுடர். வாங்கியவர்கள் சுடரோடு அதை வாயில் போட்டு மூடிக்கொண்டார்கள். ஒவ்வொருவர் வாயருகே தீ போகும்போதும் நான் கண்ணை மூடினேன். மருமகளுக்கு முதல் இரண்டு வருடம் தரவில்லையாம். மூன்றாம் வருடத்திலிருந்து பெரியப்பச்சியே தருகிறாராம்.

எலேனி விழுந்து கும்பிட்டு, இழையை வாங்கி வாயில் போட்டார். விலகவில்லை. மறுபடி கையை நீட்டினார்.

"கீழ விழுந்துருச்சா ஆத்தா?" என்று கேட்டார் பெரியப்பச்சி.

"இல்ல பெரியப்பச்சி. இன்னொண்ணு வேணும்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. மெய்யப்பன் மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிராந்தி இல்லாததும், வெண்ணெய் வாசத்துக்கு ஓடியதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வெண்ணெய்மேல் ஒரு குற்றமும் இல்லை! பெரியப்பச்சி இரண்டாவது இழையைப் பற்றவைத்துக் கொடுத்தார். எலேனி அதையும் சுடரோடு விழுங்கினார்.

மீனாட்சி ஆச்சி அடித்துவைத்த சிலைபோல் நின்றார். பிறகு நேரே தாம்பாளத்திடம் போனார். ஒரு குராபியேயை எடுத்தார். கடித்ததும் சர்க்கரை புகையாகக் கிளம்பி மூக்கிலும் சேலையிலும் கொட்டியது. அவர் தட்டிவிடவில்லை. மெதுவாக, முழுவதையும், துகள்கூட விடாமல் தின்றார். எலேனி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"உங்க பாட்டி இதுல முட்டை போடுவாகளோ?" என்று கேட்டார் மாமியார்.

"ஆமா அயித்த."

"அடுத்த வருசம் அவுக எழுதுனபடியே சுடு. நான் திங்கமாட்டேன். ஆனா புள்ளைக்கு அவுக அம்மா வீட்டு ருசி தெரியணும். அதுக்கு நான் சட்டி தாரேன்."

மறுநாள் காலை 6.00. ஒரு தகர டப்பா நிறையக் குராபியே கொடுத்து அனுப்பினார்கள். பக்குவம் மனப்பாடமாகிவிட்டது; ஆனால் கடையில் போடும் ஆசை எங்கோ போய்விட்டது. காரைக்குடி, திருச்சி, கரூர் என்று வழியெல்லாம் எலேனி நீட்டிய அந்தக் கைதான் கண்ணில் நின்றது. கடல் தாண்டி வந்த பெண்ணுக்காக அந்த அம்மாள் தன் சீர்ச் சட்டியை இறக்கித் தருகிறார். நான் நாலு தெரு தள்ளிப் போகவில்லை.

பகல் 1.40. ஈரோடு. ஊத்துக்குளி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அது போனபிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன் என்பது எனக்கே திகைப்பாக இருந்தது. பிறகு நடந்தேன். கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்ததும் பேயறைந்ததுபோல் நின்றுவிட்டாள். என் சட்டையெல்லாம் டப்பாவிலிருந்து சிந்திய சர்க்கரை, வெள்ளை வெள்ளையாக.

"தாகமா இருக்குது கண்ணு. ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றேன்.