மஹய்யாவையில் யானை தின்ற கூரை

கண்டிக்கு ரயில் வந்த மறு வருஷம், ஹந்தானைக் கோப்பித் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்திலிருந்து பாப்பம்மா நகரத்துக்குக் குடிவந்தாள். குடிவந்தாள் என்று மரியாதையாக எழுதுகிறேன். நடந்தது வேறு. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கங்காணி பெண்சாதியோடு சண்டை பிடித்து, "இனிமே இந்த லயத்துப் படிய மிதிச்சேன்னா என்னையக் கழுதைன்னு கூப்பிடு!" என்று தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு, பானை சட்டியைப் புருஷனுடைய கரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டாள்.

புருஷன் மூக்கையா, தோட்டத்துக் கோப்பிச் சாக்குகளை மாட்டுக் கரத்தையில் ஏற்றி ரயிலடிக்கு இறக்குகிறவன். வாரத்தில் பாதி நாள் கரத்தைக்கு அடியிலேயே படுத்துப் பழகியவன்.

"ஏம்புள்ள, டவுன்ல வீடு கெடைக்காட்டி என்னா செய்றது?"

"திரும்பிப் போக வேண்டியதுதான். அந்தப் பொம்பள லயத்து வாசல்ல நின்னு, வாம்மா கழுதைன்னு ஆரத்தி எடுப்பா. ஒனக்குச் சம்மதமா?"

மூக்கையா மாட்டைத் தட்டினான்.

ரயில் வருவதற்கு முன்பு கண்டியில் வீடு பெரிய விஷயமாக இருக்கவில்லை. ஆடி மாதத்து யானை ஊர்வலமான பெரஹராவைப் பார்க்க வந்தவர்கள் நடந்து வந்தார்கள், வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் படுத்தார்கள், நடந்தே போனார்கள். ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கோ சுவர் வேண்டும், கதவு வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும். அதற்கு என்ன விலை என்றாலும் கொடுப்பார்கள். எனவே ஆடி மாதம் பிறந்தால் கண்டிக்காரர்களில் பாதிப்பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாட்டுக் கொட்டிலில் படுத்தார்கள். மாடுகள் எங்கே படுத்தன என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

பாப்பம்மா முதலில் பார்த்தது குளக்கரைப் பக்கம் ஒரு வீடு. வாடகையைச் சொன்னதும் மூக்கையாவுக்கு முன்னால் அவனுடைய மாடுகள் தலையை ஆட்டி மறுத்துவிட்டன. அடுத்தது மலைச்சரிவில். அங்கே அடுப்பில் ஏற்றிய சட்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். குழம்பு யாருடையது என்று தினமும் பஞ்சாயத்து. மூன்றாவது வீட்டில் அட்டைகள் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்தன.

கடைசியில் மஹய்யாவையில், மாத்தளை வீதியோரம், நாலு மண்சுவர்கள் கிடைத்தன. சுவர்கள் மட்டுந்தான். அண்ணாந்தால் ஆகாயம். சொந்தக்காரர் சுந்தரலிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலைக்கு வந்தவர். சுவர் எழும்பும் வரை திறந்திருந்த அவர் கை, கூரைக்கு முன்னால் மூடிக்கொண்டது.

"இஞ்சை பார் பிள்ளை. சுவர் என்ரை, கூரை உன்ரை. வாடகை அரைவாசி போதும்."

"ஆடி மாசம் வந்தா வெளிய போகச் சொல்லுவீங்களாய்யா?"

"மாட்டன். கூரை இருக்கிற மட்டும் நீ இருக்கலாம். கூரை இல்லையெண்டால் பேச்சுமில்லை. சரியோ?"

பாப்பம்மா சரி என்றாள்.

அவள் பிறந்தது ராமநாதபுரத்துப் பக்கம். கூரை என்றால் பனையோலைதான் அவளுக்குத் தெரியும். கண்டியில் பனைக்கு எங்கே போவது? மூக்கையா காட்டுப்பக்கம் போய்க் பனை மாதிரி நிற்கும் கித்துள் மரத்து ஓலையைக் கரத்தை நிறைய வெட்டி வந்தான். காசில்லை, கேட்பாரில்லை. இரண்டு பேருமாகக் கூரையை வேய்ந்தார்கள். சுந்தரலிங்கம் குடையை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். அவரும் பனங்காட்டில் வளர்ந்தவர்தானே! ஓலையைத் தடவிப் பார்த்து, "பனைக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி போலக் கிடக்கு. நல்லாய்க் கிடக்கும்" என்று சான்று கொடுத்தார். எதிர்வீட்டுச் சிங்களப் பெண் மட்டும் கூரையைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து நின்றாள். அழகில் மயங்கி நிற்கிறாள் என்று பாப்பம்மா நினைத்துக்கொண்டாள்.

ஆனி மழை ஓலையைக் காயவிடவில்லை. கூரை நாளுக்கு நாள் பச்சையாக, ஒரு சாப்பாட்டு இலை மாதிரிப் பளபளத்தது.

ஆடி பிறந்தது. பெரஹராவுக்கு யானைகள் வரத் தொடங்கின. மாத்தளைப் பக்கத்து யானைகளுக்கு அந்த வீதிதான் வழி. ஒரு காலை, வரிசையில் கடைசியாக வந்த கொம்பன் மஹய்யாவையில் நின்றது. யானைக்காரன் அதட்டினான், கெஞ்சினான், வாலைப் பிடித்துத் தொங்கினான். அது நகரவில்லை. தும்பிக்கையை நீட்டி, கூரையின் மூலையில் ஓர் ஓலையை உருவி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டது. யானைக்குக் கித்துள் ஓலை என்றால் நமக்கு நெய்ச்சோறு மாதிரி என்பது கண்டியில் கைக்குழந்தைக்கும் தெரியும். ராமநாதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டுந்தான் தெரியாமல் போனது.

பாப்பம்மா அகப்பையோடு வெளியே ஓடிவந்தாள்.

"டேய்! டேய் ராசா! அது கூரைடா!"

யானைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் கூரை முழுவதையும் முடித்துவிட்டு அது விட்ட ஏப்பத்தில், பல மைல் தள்ளிப் பேராதனைப் பக்கம் மரத்திலிருந்த வௌவால்கள் கிளம்பிவிட்டன என்பார்கள்.

சேதி கேட்டுச் சுந்தரலிங்கம் வந்து சேர்ந்தார். முகத்தைத் துக்கமாக வைத்திருக்க அவர் பட்ட பாடு பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"என்ன பிள்ளை செய்யிறது? கூரை இல்லையெண்டால் பேச்சில்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"ஒங்க செவரு அப்படியே இருக்குங்கய்யா. எங்கூரை அந்தா போகுது பாருங்க. அதுக்கிட்டயே வாடகையக் கேளுங்க."

"எனக்கு யானையோடை கதைக்கேலாது" என்றார் அவர்.

அன்றைக்கே கோப்பிச் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்துச் சுவர்களின் மேல் இழுத்துக் கட்டினார். ரயிலில் வந்து இறங்கிய ஒரு கொழும்புக் குடும்பத்தை நல்ல விலைக்குக் கூட்டி வந்து உள்ளே விட்டார். பாப்பம்மா வீதிக்கு மறுபக்கம் கரத்தைக்கு அடியில் அடுப்பு மூட்டினாள். ஹந்தானை மலை அவளுக்குத் தெரிகிறபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"போயிருவமா?" என்றான் மூக்கையா.

"இன்னைக்கு இல்ல" என்றாள். ஆனாலும் குரல் இறங்கிப் போயிருந்தது.

மறுநாள், ஆற்றுக்குக் குளிக்கப் போகும் வழியில், யானை தன் சாப்பாட்டுக் கடையைத் தேடி வந்துவிட்டது. மேலே ஓலையைக் காணோம். சாக்கின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தது. கொழும்புக் குடும்பம் சோற்றில் கை வைத்த நேரம். தும்பிக்கை இறங்கி, அந்தக் காலத்துச் சிங்களக் கனவான்களின் வழக்கப்படி குடும்பத் தலைவர் தன் கொண்டையில் சொருகியிருந்த ஆமையோட்டுச் சீப்பை மெல்ல எடுத்தது. வாயில் போட்டுப் பார்த்தது. பிடிக்காமல் துடைத்துத் திரும்ப அவர் தலையிலேயே வைத்தது. சொருகிய கோணம் சற்றுப் பிசகு என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ரயிலடிக்கு ஓடிய வேகத்தை ரயிலே பொறாமையோடு பார்த்ததாம்.

சுந்தரலிங்கம் வேறொரு கூட்டத்தைக் கொண்டுவந்தார். யானை அவர்களையும் பார்த்தது. மூன்றாவது கூட்டம் வாசலோடு திரும்பியது. ரயிலடிவரை கதை பரவிவிட்டிருந்தது. கண்டி முழுவதும் மாட்டுக் கொட்டில்கூட விலைபோன அந்த ஆடியில், அவருடைய நாலு சுவர் மட்டும் சும்மா கிடந்தது.

பாப்பம்மாவோ யானை வரும் நேரத்துக்கு வீதியில் நின்று, "டேய் ராசா, நேத்துத் தின்னது செமிச்சுதா?" என்று அதட்டி, ஒரு கித்துள் மட்டையைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு மட்டும் அடங்கியது. அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கூடியவர்களுக்கு அவள் கோப்பி ஊற்றினாள், சும்மா இல்லை.

ஐந்தாறு நாள் பார்த்துவிட்டுச் சுந்தரலிங்கம் குடையை மடக்கிக்கொண்டு கரத்தைக்கு அருகில் வந்தார்.

"பிள்ளை, உள்ளுக்கு வந்து இரன்."

"கூரை இல்லீங்களேய்யா. பேச்சில்லைன்னீங்க."

"உந்தக் கதையை விடு. பழைய வாடகையே தா."

"அடுத்த ஆடிக்கு?"

"அதே வாடகை."

"அதுக்கடுத்த ஆடிக்கு?"

"யானை வந்துகொண்டிருக்கிற மட்டும் அதே வாடகை. போதுமோ?"

"போதுங்கய்யா" என்று பாப்பம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த முறை இலுக்குப் புல்லில் உறுதியாக வேய்ந்தார்கள். எந்த யானையும் காய்ந்த இலுக்கைத் திரும்பிப் பார்க்காது. அடுத்த வருஷம் யானை வீட்டை மறந்துவிடும், பிறகு வாடகையைப் பேசிக்கொள்ளலாம் என்று சுந்தரலிங்கம் பொறுத்திருந்தார்.

ஆடி பிறந்த அன்று காலையிலேயே வந்து பார்த்தார். இறவாரத்தில் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று கித்துள் ஓலை தொங்கியது.

"உதென்ன பிள்ளை?"

"தோரணங்கய்யா. ஊர்வலம் வாற மாசமில்ல."

மாத்தளைப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. வரிசையில் வந்த யானைகளில் ஒன்று மட்டும் நடையை எட்டிப் போடத் தொடங்கியது. சுந்தரலிங்கம் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து, கோப்பி குடிக்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"கோப்பி ஒண்டு தா, பிள்ளை. சீனி கூடப் போடு. நான் கூட்டேலாமல் போன வாடகை அதிலையாவது கொஞ்சம் கழியட்டும்."