அத்தைக்காக நான் போட்டுப் பார்த்த செருப்பு

என் கால் என்னை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டது. ஆறாம் வகுப்பு படிக்கும்போதே அது அத்தையின் கால் அளவுக்கு வந்து நின்றது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் என் முகத்தைப் பார்த்து எந்த வகுப்பு என்று கேட்பார்கள், காலைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அப்படிப்பட்ட காலுக்கும் ஒரு மரியாதை வந்தது. அது ஒரு தைப்பூசத்துக்கு முன்பு, ஒரு செருப்பால் வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு பொன்னமராவதியில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அங்கன்வாடியில் வேலை. காலையில் ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, மாலையில் வந்து எங்கள் மூக்கைத் துடைப்பார். வருடத்தில் ஒரே ஒரு முறை, தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டு, குழுவோடு பழனிக்கு நடந்து போவார். வெறுங்காலோடுதான் போவார். திரும்பி வந்ததும் வழியில் எங்கே மோர் கொடுத்தார்கள், எங்கே யார் தூங்கிக்கொண்டே நடந்தார்கள் என்று ஒரு மாதத்துக்குக் கதை ஓடும். அந்த நடை ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது. அது இல்லாவிட்டால் அத்தை இடிந்துபோவார் என்பது எனக்கே தெரியும்.

அந்த வருடம் அத்தையின் சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர், இனி வெறுங்காலோடு வாசலைக்கூடத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏக்கா, பஸ்ஸுல போயிக் கும்பிட்டா முருகன் வேணாம்னா சொல்லப்போறாரு?"

"பஸ்ஸுல போறதுக்கு நான் எதுக்குடா மாலை போடணும்?"

இரண்டு நாள் அத்தை அப்பாவுக்குச் சோறு போட்டார், பேச்சுக் கொடுக்கவில்லை. கடைசியில் அம்மாதான் வழி சொன்னார். நல்ல செருப்பாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகட்டுமே, இப்போது பாதிப் பேர் அப்படித்தானே போகிறார்கள் என்றார். குழுவின் குருசாமியும் சரி என்றுவிட்டார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். காலில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தாலும் அடுத்த வருடம் கிடையாது.

எங்கள் ஊரில் செருப்புக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அத்தை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார், என்னையும் இழுத்துக்கொண்டு. எனக்கும் ஒரு ஜோடி கிடைக்கும் என்ற நினைப்பில் ஜன்னலோரம் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

கடையில் இருந்தவர் ஒரு பாய். சவுதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர் என்பதை நாங்கள் உட்காருவதற்குள் அவரே சொல்லிவிட்டார். அத்தை தன் தேவையைச் சொன்னார். எடை லேசாக இருக்க வேண்டும், பின்னால் வார் இருக்க வேண்டும், அடி மெத்தென்று இருக்க வேண்டும், நடந்தால் கால் முன்னால் வழுக்கக்கூடாது.

"சுகர் இருக்காம்மா? அதுக்குன்னே ஒரு செருப்பு வருது, காட்டட்டா?"

"அதெல்லாம் எனக்கு இல்லைங்க."

"மாத்திரை போடுவாங்களே!" என்றேன் நான், உதவி செய்கிற நினைப்பில். அத்தை என் தொடையில் கிள்ளினார். பாய் எடுத்து வைத்த செருப்பு கறுப்பாக, அகலமாக இருந்தது.

"இதப் போட்டுட்டுப் போனா வழி பூரா வெசாரிப்பாளுக. வேற எடுங்க."

பிறகு ஆரம்பித்தது என் பாடு. வந்த செருப்பையெல்லாம் அத்தை என் காலில் மாட்டினார். கடைக்குள் நட என்றார். படியில் ஏறி இறங்கு என்றார். பாய் அனுமதியோடு தெருமுனை வரை போய் வரச் சொன்னார். ஜல்லி கொட்டிக் கிடந்த இடத்தில் ஏறி நிற்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

"கடிக்குதாடி?"

"கடிக்கல அத்தை."

"நல்லாப் பாத்துச் சொல்லு. சுண்டுவெரலு?"

"லேசா."

"லேசான்னா? எந்த எடம், தொட்டுக் காட்டு."

பாய்க்கே பொறுக்கவில்லை. "போடப்போறது யாரும்மா, பாப்பாவா, நீங்களா?"

"நாந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. எனக்குக் குனிஞ்சு நிமிர முடியல, அதான்."

குனிந்து குனிந்து எனக்கு வார் மாட்டிவிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், கிள்ளு ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு ஜோடி மிஞ்சின. ஒன்று கெட்டி அடி, கணுக்காலில் உரசியது. மற்றொன்று சாம்பல் நிறம், கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருந்தது. அதைப் போட்டு நடந்துவிட்டு, "ஒன்னுமே போடாத மாதிரி இருக்கு அத்தை" என்றேன்.

"ஒன்னுமே போடாத மாதிரியா?" அத்தையின் முகம் மலர்ந்தது. "அப்ப இதுதான்."

பாய் மட்டும் இழுத்தார். "லேசாவும் வேணும், முள்ளும் ஏறக்கூடாதுன்னா ரெண்டும் ஒன்னா வராதும்மா. தார் ரோட்டுல சரி. ஓரத்துல எறங்குனா கருவ முள்ளு உள்ள வந்துரும்."

"முள்ளு குத்துனா எடுத்துப் போட்டுட்டு நடக்குறது. இதுக்கு முன்னாடி நடக்காதவளா நானு?"

எனக்கு ஒரு ரோஸ்மில்க் கிடைத்தது. செருப்பு கிடைக்கவில்லை.

அதோடும் விடவில்லை. மாலை போடுவதற்கு முன்பு செருப்பைப் பழக்க வேண்டுமாம். அதையும் என் காலில் மாட்டி டியூஷனுக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்ததும் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் விரித்து, சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். சிவந்திருந்த இடத்துக்கு நேராக வாரில் பழைய வேட்டித் துணியை வைத்துத் தைப்பார். அப்போதெல்லாம் எனக்கு ஏகப் பெருமை. ஊரே கேலி செய்த காலை அத்தை மட்டும் இப்படித் தாங்குகிறாரே என்று. தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதைக் காட்டியிருக்கிறேன்.

அத்தை போனார். அரோகரா போட்டுக்கொண்டு எங்கள் தெருவைத் தாண்டும்போது புதுப்பெண் மாதிரி இருந்தார். பூசம் முடிந்து வேனில் திரும்பி வந்தார், முகம் கறுத்து, குரல் கட்டி, சிரித்த வாய் மூடாமல். இறங்கியவுடன் அப்பா காலைத்தான் பார்த்தார். மேலே கொப்புளம் இல்லை, உரசல் இல்லை. "பரவாயில்லக்கா, நல்ல செருப்புத்தான்" என்றார். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் அந்தச் செருப்பைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தா, இனிமே ஒனக்குத்தான். மலையடிவாரம் வரைக்கும் கழட்டவே இல்ல. கடிக்கவே இல்லடி."

ஓடிப்போய் மாட்டினேன். இடது காலை ஊன்றியதும் உயிர் போய்விட்டது. ஐயோ என்று அலறிக்கொண்டு உட்கார்ந்தேன். அடியில் ஏறிய கருவ முள் ஒன்று வெளியே ஒடிந்து, நுனி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. என் குதிகாலில் ரத்தம்.

அத்தை என் காலைத் தொடவில்லை. நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து, தன்னுடைய இடது காலைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலில் அதே இடத்தில் ஓர் ஓட்டை, சுற்றிலும் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பை வெறும் புழுதி என்று நினைத்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். "யாரு கத்துனது?"

அத்தை சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். "புள்ளைக்கு முள்ளு குத்திருச்சு. மஞ்சப்பொடி கொண்டா."

அந்தப் புண் ஆடி வரைக்கும் ஆறவில்லை. அதற்குப் பிறகு அவர் பழனிக்கு நடக்கவும் இல்லை. சர்க்கரை அவர் பாதத்தை எப்போதோ மரத்துப்போகச் செய்திருந்தது என்பதும், அதை வீட்டில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை என்பதும், கடிக்கிறதா கடிக்கிறதா என்று என்னை நச்சரித்தது தன் காலால் அதைத் தெரிந்துகொள்ள முடியாததால்தான் என்பதும் எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தனை நாள் மடியில் வைத்துத் தாங்கிய என் காலில் ரத்தம் வருகிறது, இந்த அத்தை பாட்டுக்குத் தன் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.