கைகாட்டினால் நின்ற பொறி

எண்பதுகளில் நாமக்கல் அருகே இலங்கை ஏதிலியர் முகாமில் நான் தமிழ் கற்பித்துவந்தேன். அங்கு ஆழ்துளைக் கிணறு தோண்டத் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். புருவம்வரை கல்தூசி படிந்த மெலிந்த மனிதர். துளையிடும் பொறி முழங்கியதும், குண்டுவீச்சென்று அஞ்சிய ஒரு பெண்மணி கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டார். கிணறு தோண்ட வந்தவர் பொறியை நிறுத்திவிட்டு அவ்வீட்டு வாசலுக்குச் சென்றார்.

"ஏனுங்கம்மா, இங்கிருந்தே கையக் காட்டுங்க. ஓட்டறேனுங்க. மறுக்காக் காட்டுனா நிறுத்திப்போடறேனுங்க."

"உண்மையா நிப்பாட்டுவியளோ?"

"காட்டித்தான் பாருங்க சாமி."

முதல் நாள் பத்தொன்பது முறை நிறுத்தினார். மூன்றாம் நாள் அப்பெண்மணி, "இனி ஓடட்டும்" என்று கூறிவிட்டுச் சோறு வடிக்கச் சென்றார்.

ஒரே நாளில் முடியவேண்டிய பணி ஏன் நீண்டது என்று முகாம் அதிகாரி வினவினார்.

"பாறைங்க" என்றார், முகம் மாறாமல்.

அவ்வட்டாரத்தில் பாறையில்லா நிலமே இல்லை. ஆயினும் பாறைக்காக அவர் ஒருமுறையேனும் பொறியை நிறுத்தியதை நான் காணவில்லை.