மாமா ஏலத்தில் எடுத்த கேக்

அந்த அறுப்பின் பண்டிகை எந்த ஆண்டு நடந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. அம்மா 2002 என்பாள். அவளுக்கு ஆதாரம் அன்று அவள் கட்டியிருந்த சேலை. நான் 2003 என்பேன். அந்த ஆகஸ்டில்தான் ஹைதராபாத்தில் எம்.எம்.டி.எஸ். ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த மாமா முதல் வாரமே என்னை அதில் ஏற்றி லிங்கம்பள்ளி வரை கூட்டிப்போய், அதே வண்டியில் திரும்பக் கூட்டிவந்தார். பண்டிகை அதற்குப் பிறகு, தசரா விடுமுறை முடிந்து வந்த ஞாயிறு. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா மட்டும் இந்த விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாலே எதையோ தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விடுவார்.

போவன்பள்ளியில் ஒரே வீட்டில் மாடியில் நாங்கள், கீழே அத்தையும் மாமாவும். அத்தை அப்பாவின் அக்கா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் படியேறுவதற்கு முன் கீழே ஏதாவது தின்றுவிட்டுத்தான் ஏறுவேன்.

அறுப்பின் பண்டிகை விளைச்சலில் முதல் பங்கைக் கர்த்தருக்குப் படைக்கும் நாள். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் யாருக்கும் நிலம் கிடையாது. வங்கி, ரயில்வே, பள்ளிக்கூடம் என்று எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். ஆகவே பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை காலை சபையில் பாதிப் பேரைப் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் பார்க்கலாம். எந்த ஊர் விவசாயியோ விளைவித்த பூசணிக்காயைத் தெலுங்கில் பேரம் பேசி வாங்கி, மறுநாள் அதற்கு மஞ்சள் ரிப்பன் கட்டி, தங்கள் வயலில் விளைந்ததுபோன்ற முகத்துடன் பீடத்தின் முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். பணம் சபையின் தர்ம காரியங்களுக்கு. பீடத்தில் ஒருமுறை வைத்த பொருள் ஏலத்தின் வழியாகத்தான் வெளியே போகலாம். வைத்தவரே கேட்டாலும் திருப்பித் தரமாட்டார்கள்.

சந்தையில் வாங்காமல் கையால் செய்து படைத்தவர்கள் சிலர். அவர்களில் முதலிடம் அத்தைக்கு. முந்திரியும் ஆரஞ்சுத் தோலும் போட்டு அவர் செய்யும் கேக்கைத்தான் கடைசியில் ஏலம் விடுவார்கள். எடுப்பவர் அதை அங்கேயே வெட்டி ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியை அத்தைதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

அந்த வருடம் அத்தையின் வகுப்பைப் பற்றிச் சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. சொன்ன கதையையே மறு ஞாயிறும் சொல்கிறார், பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார் என்றார்கள். செயலாளர் நல்ல மனிதர், நல்லவிதமாகவே சொன்னார். "அக்கா எவ்வளவு காலம் உழைச்சிட்டாங்க! இனி ரெஸ்ட் எடுக்கட்டுமே. சின்னப் பொண்ணுக யாராச்சும் பாக்கட்டும்." இது அத்தையின் காதுக்கும் வந்தது. அவர் அடுத்த வாரப் பாடத்துக்கு அட்டையில் பேழை செய்யத் தொடங்கினார். ஆனால் அன்று இட்லிக்கு மாவு அரைக்க மறந்துபோனார்.

மாமாவைப் பற்றியும் பேச்சு இருந்தது. எங்கள் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்திலிருந்து மாமா வலப்பக்கத்தை விட்டுவிட்டு அத்தைக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையில் போய் உட்காரத் தொடங்கியிருந்தார். பாட்டு எண் சொன்னதும் அவரே பக்கத்தைப் புரட்டி அத்தையின் கையில் கொடுப்பார். "கல்யாணமாகி இத்தன வருசத்துக்கு அப்புறம் அண்ணாச்சிக்கு புது மாப்பிள்ள ஆச வந்திருக்கு" என்று பாடகர் குழுவில் சிரித்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பளைக நடுவுல போய் உக்காந்துக்கிட்டு" என்று மாடியில் எரிச்சல்படுவார்.

பண்டிகை நாள் காலை, பீடத்தை அலங்கரிக்க அம்மாவும் அத்தையும் கேக்கை எடுத்துக்கொண்டு முதலில் ஆட்டோவில் போய்விட்டார்கள். மாமா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் எப்போதிலிருந்து செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேக் கலந்த சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துத் தின்பது எனக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தம். முதல் வழிப்பு வயதில் மூத்தவருக்கு. அவர் ஒரு விரல் வழித்து வாயில் வைத்தார். பிறகு சட்டியைக் குழாயடியில் நீட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"மாமா! எனக்கு?"

"நக்கோ கண்ணு, வேணாம், காஞ்சுபோச்சு" என்றவர், "அத்தை கேக்க கொண்டு போயிட்டாளா?" என்று கேட்டார். அவர் கண்ணெதிரேதான் ஆட்டோ போயிருந்தது.

என்னைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை அவர் ஓட்டிய வேகத்தில் என் ரிப்பன் அவிழ்ந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டது. கேக் பீடத்தின் முன்னால், இரண்டு பூசணிக்காய்களுக்கு நடுவில், வெள்ளைச் சரிகைத் துணியின்மேல் இருந்தது. மாமா வாசலில் நின்று அதைப் பார்த்தார். பிறகு பெண்கள் வரிசைக்குப் போய் அத்தைக்குப் பாட்டுப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஏலத்தை நடத்தியவர் பாடகர் குழுத் தலைவர். அந்த நாளுக்கென்றே வருடம் முழுவதும் நகைச்சுவை சேர்த்து வைப்பவர்.

"வாங்க, வாங்க! போவன்பள்ளி மார்க்கெட்ல இருந்து நேரா பரலோகம் போய்ட்டு ரிட்டர்ன் வந்த பூசணிக்கா! யாருக்கு வேணும்?"

பூசணிக்காயும் வாழைத்தாரும் போயின. ஒரு சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, பிடிபட்டு, விலைபோனது. கடைசியில் கேக். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்றோம். செயலாளர்தான் வழக்கமாக எடுப்பார். அவர் ஒரு தொகை சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து மாமா அதற்குமேல் கேட்டார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது.

"அண்ணாச்சி, வீட்டுக்காரம்மா செஞ்சத வீட்டுக்காரரே கேட்டா எப்படி? வீட்ல குடுக்கமாட்டாங்களா?" என்றார் ஏலம் விட்டவர்.

"ஹவ் அங்கிள், ஆமா, விடாதீங்க!" என்று பையன்கள் கூவினார்கள்.

செயலாளர் விளையாட்டாக ஏற்றினார். மாமா ஏற்றினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அப்பா நெருக்கியடித்துப் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அத்தான், என்ன செய்றீங்க? கைய இறக்குங்க. எல்லாரும் சிரிக்காங்க."

"சிரிக்கட்டும் மாப்ள. விடு."

பெண்கள் பக்கம் அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றார். "இந்த மனுசனுக்கு கிறுக்கு பிடிச்சிருக்கு" என்றார். ஆனால் அவர் முகம் அன்றுபோல மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவர் கேக்குக்கு அதுவரை யாரும் அவ்வளவு கேட்டதில்லை.

கடைசியில் செயலாளர் கும்பிட்டு விலகினார். கத்தி கொண்டுவந்தார்கள். மாமா கத்தியை வாங்கவில்லை. தன் தோளிலிருந்த துண்டை விரித்துக் கேக்கைத் தட்டோடு மூட்டை கட்டினார்.

"அண்ணாச்சி, புள்ளைக நிக்குது" என்றார் செயலாளர். "படைச்சத பகிர்ந்து சாப்பிடுறதுதானே நம்ம வழக்கம்?"

"இது எனக்கு வேணும்" என்றார் மாமா. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் மூட்டையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். யாரோ ஓடிப்போய்க் கடையில் பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்து எங்களுக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுப் படியில் அப்பா கத்தினார். "சின்னப் புள்ளைக வாயிலிருந்து பிடுங்கிட்டு வந்திருக்கீங்க. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் கோயிலுக்குப் போவேன்?" மாமா மறுக்கவில்லை. "ஆமா மாப்ள. ஆசப்பட்டுட்டேன்" என்றார். அவ்வளவுதான். மறுத்திருந்தால் அப்பாவின் கோபம் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஒப்புக்கொண்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கீழ்வீட்டோடு பேச்சு நின்றது. அம்மா மட்டும் துணி காயப்போடும்போது, "மைனி, நல்லாயிருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பாள். நான் போய்வருவதை அப்பா தடுக்கவில்லை; ஆனால் அவரே மாடியிலிருந்து இறங்கினால் நேராகத் தெருவைப் பார்த்து இறங்குவார்.

அப்படியே இரண்டு கிறிஸ்துமஸ் வந்தன. இரண்டாவது கிறிஸ்துமஸில், நாடகத்துக்காக மேய்ப்பர் வேடப் பையன்களுக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்த அத்தை சட்டென்று நிறுத்தி, "இது எதுக்குக் கட்டுறோம்?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மாமா, "நாடகத்துக்கு" என்று சொல்லி மீதியைக் கட்டினார். அத்தை மறுபடியும் கேட்டார். மாமா மறுபடியும் அதே குரலில் சொன்னார். மேடையைச் சுற்றி நின்ற எல்லாரும் பார்த்துவிட்டோம்.

அன்று மாலை அப்பா கீழே இறங்கிப்போனார். நானும் பின்னால் போனேன். அத்தை நாற்காலியிலிருந்து மரியாதையாக எழுந்து நின்று, மாமாவிடம், "சார் வந்திருக்காங்க. உக்காரச் சொல்லுங்க" என்றார்.

அப்பா உட்காரவில்லை. அடுக்களை வாசல்வரை போய் நின்றுகொண்டு கேட்டார்: "ஏன் அத்தான் சொல்லல?"

அப்போதுதான் மாமா எல்லாவற்றையும் சொன்னார். அந்த அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய லெந்து காலத்திலேயே மருத்துவர் சொல்லிவிட்டதை. சீனிக்குப் பதில் பொடியுப்பை அளந்து போட்டிருந்த கேக்கை. அத்தைக்குச் சர்க்கரை நோய். மாவை ருசி பார்ப்பதில்லை. "அத அங்க வெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்? புள்ளைக துப்பியிருக்கும். மறு ஞாயிறே வகுப்ப எடுத்திருப்பாங்க. அந்தப் புள்ளைக முன்னால போய் நிக்கணும்னுதானே மாப்ள அவ வாரம் பூரா எழும்புறா. அதையும் எடுத்துட்டா என்னத்துக்கு எழும்புவா?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் என்ன ஊராளா?"

"சொல்லியிருக்கலாம். சரியாயிருவான்னு நெனச்சேன்" என்றார் மாமா. "ஒவ்வொரு காலையும் நெனச்சேன். இப்பவும் நெனைக்கேன்."

அத்தை சரியாகவில்லை. மாமா சொல்லாமல் காத்த காலத்தில் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அத்தை பிள்ளைகள் முன்னால் நின்றார். அதே காலத்தில் அத்தைக்குத் தன் தம்பியைத் தம்பி என்று தெரிந்திருந்த நாட்களை அப்பா மாடியில் கழித்துவிட்டார். இதில் எதை எதற்கு ஈடாக வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இப்போது நான் இதே நகரத்தில் ஹப்சிகுடாவில் இருக்கிறேன். கல்யாணங்களுக்குப் போகிறேன், நோயிலும் சுகத்திலும் பிரியமாட்டேன் என்று மணமக்கள் மைக்கில் வேகமாகச் சொல்வதைக் கேட்கிறேன். சொல்லும்போது யாருக்கும் ஒரு கேக் நினைவுக்கு வராது; வரவும் வேண்டாம். பலபேர் முன்னால் தன்னை ஆசைக்காரனாக்கிக்கொண்டு மனைவியைக் காப்பாற்றிய மனிதரை நாங்கள் தனியே விட்டுவிட்டோம். அவருக்குப் பாத்திரம் தேய்த்துக்கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மேலே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அவருடைய நம்பிக்கை பலிக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் அவர் தினமும் அத்தைக்குத் தலைசீவி, ஞாயிறுகளுக்குத் தயார்செய்தார், கடைசிவரை.

அந்தக் கேக்கின் கடைசிப் பகுதியை நான் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு மறுநாள் மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்து கீழ்வீட்டில் எட்டிப் பார்த்தேன். அடுக்களை அலமாரியில் ஒவ்வொரு டப்பாவிலும் புதிதாகக் காகிதம் ஒட்டி, "சீனி", "உப்பு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஆபீஸ் மாதிரி ஆக்கிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா மேசையில் உட்கார்ந்து டீயோடு கேக் தின்றுகொண்டிருந்தார். இரத்தக் கொதிப்புக்காக ஊறுகாய்கூடத் தொடாத மனிதர். எதிரே அத்தை கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஒன் கைக்கு யாரு உண்டு? அடுத்த துண்ட வெட்டு."

நான் கை நீட்டினேன். அத்தை ஒரு துண்டை எடுத்தார். மாமா அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"பாவம், புள்ளைக்கு ஒண்ணு குடுங்க!" என்றார் அத்தை.

"ஒரு துண்டுகூட நக்கோ. எனக்கே பத்தாது."

நான் கோபத்தோடு படியேறிப்போய், மாமாவுக்கு இவ்வளவு சுயநலம் ஆகாது என்று அம்மாவிடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். ஆனால் படியேறும்போது திரும்பிப் பார்த்ததில் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் அவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கேக் தின்றால் இவ்வளவு தாகம் எடுக்குமா?