ஆர்டிஸ் ஓட்டிய விமானம்

ஆர்லின் ட்வைட்டும் நானும் விஸ்கான்சினில் ஒரே பாலாடைக்கட்டி ஆலையில் வேலை பார்த்தோம். அவன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். எங்கள் ஊரில் ஓய்வு கிடைத்தால் எல்லோரும் மீன் பிடிக்கப் போவோம். அவன் விமானம் கட்டினான். 1961 வசந்தத்தில், தபாலில் வந்த வரைபடத்தை ஆலையின் சாப்பாட்டு மேசையில் விரித்தான். இரண்டு பேர் உட்காரலாம். மரச்சட்டம், மேலே துணி.

"இது பறக்குமா?" என்றேன்.

"காகிதத்துல பறக்குது."

அன்றிலிருந்து பதினோரு வருஷம் விமானம் கொட்டகைக்குள் இருந்தது, அவன் கார் வெளியே பனியில் நின்றது. பசை இறுகச் சூடு வேண்டும் என்று குளிர்காலத்தில் இறக்கையை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிடுவான். ஒரு கிறிஸ்துமஸுக்கு அதற்கடியில் குனிந்துபோய்த்தான் சாப்பிட உட்கார்ந்தோம். அவன் மனைவி ஆர்டிஸ் உருளைக்கிழங்குத் தட்டை நீட்டினாள். "தலைய நிமித்தாதீங்க. மண்டை ஒடைஞ்சா தையல் போட்டுக்கலாம். அதுல கீறல் விழுந்தா இவன் ஒரு வாரம் யார்கிட்டயும் பேச மாட்டான்."

துணி போர்த்தும் வேலை வந்தபோது அவளும் சேர்ந்துகொண்டாள். நிறுத்திவைத்த இறக்கைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். மெழுகு நூல் கோத்த நீள ஊசி இருவருக்கும் நடுவே போய் வரும். முடிச்சு மட்டும் அவள்தான் போடுவாள்.

எல்லாம் முடியும் நேரத்தில் டாக்டர் சான்று தர மறுத்துவிட்டார். இதயத்தில் கோளாறு, விமானம் ஓட்டக்கூடாது. ஆர்லின் கொட்டகையைப் பூட்டினான்.

அதற்குப் பிறகு ஆர்டிஸ் செவ்வாய்தோறும் போர்வை தைக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் வந்தாள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஒருநாள் காலை அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தாளாம்.

"யாரோடது இது?"

"பேரப் படி."

விமானம் ஓட்டும் உரிமம். அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

"உனக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்துமே."

"இப்பவும் சுத்துது. அங்க ஏணி இல்லையே."

புது விமானத்தை முதல் நாற்பது மணி நேரம் ஒருவர் தனியாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பல வருஷம் ஓட்டிப் பழகிய கை யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். "அதுல இருக்கிற ஒவ்வொரு முடிச்சும் என் கை பழகினதுதான்" என்றாள் ஆர்டிஸ்.

செப்டம்பரில் நானும் ஆர்லினும் புல்தரை ஓரமாக நின்றோம். விமானம் சோளக்காட்டுக்கு மேலே எழும்பியது. அவன் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிசைந்தான். "இஞ்சின் சத்தம் சரியா இருக்கு" என்றான். அதையே நாலைந்து தடவை சொன்னான். அவள் தரையிறக்கும்போது விமானம் இரண்டு முறை குதித்து நின்றது.

பனிக்காலம் போக, மே மாதம் வரை அந்த நாற்பது மணி நேரமும் அவன் தரையில்தான் நின்றான். பிறகு ஒரு காலையில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். இறங்கியபோது கண் சிவந்திருந்தது.

"ஊர் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"ஊரப் பாக்கல. இறக்கையத்தான் பாத்துட்டிருந்தேன்."

ஏழு கோடை அவர்கள் பறந்தார்கள். அவன் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர்ப் புல்தரையில் விமானக்காரர்கள் கூடி பான்கேக் சுடுவார்கள். அங்கே அவன் நிற்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. புதிதாக வந்த யாராவது, "நீங்க ஓட்டிட்டு வந்ததா?" என்று கேட்பார்கள்.

"நான் கூட வந்தவன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு பான்கேக்குக்குத் தட்டை நீட்டுவான்.